கருமுட்டையைக் காத்திருக்க வைத்த ஊசி

ஐ.வி.எஃப். சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் தினமும் ஊசி உண்டு. மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்குவது, முட்டைகளை வளர்க்கும் ஊசி. ஐந்தாறு நாள் கழிந்ததும் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் இன்னொன்றையும் எழுதிக் கொடுப்பார். “முட்டை சீக்கிரமே வெடிச்சிடாம இருக்கறதுக்கும்மா” என்பார் நர்ஸ். சீட்டில் செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. என்றோ கனிரெலிக்ஸ் 0.25 மி.கி. என்றோ இருக்கும்.

செட்ரோரெலிக்ஸ் பெட்டியைத் திறந்தால் சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சும் இரண்டு ஊசி முனைகளும். பெரிய முனையால் தண்ணீரைக் குப்பிக்குள் செலுத்தி, குலுக்காமல் மெல்லச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். தெளிந்த நீராக ஆனதும் மறுபடி சிரிஞ்சுக்குள் இழுத்து, மெல்லிய முனையை மாட்டி, தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். போட்ட இடம் கொஞ்ச நேரம் சிவந்து அரிக்கும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பதுதான் கண்டிப்பான விதி.

கால் மில்லிகிராம் மருந்து உடம்பில் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய ஒரு கட்டளையைச் சில நாள்களுக்கு நிறுத்தி வைக்கிறது. அந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

ஓல்டாமில் நேரத்தோடு நடந்த போட்டி

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தார். ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி என்ற மூவரின் உழைப்பு அது. ஆரம்ப ஆண்டுகளில் அவர்கள் ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகளை வளர்த்துத்தான் முயன்றார்கள். கருக்கள் உருவாயின, கருப்பையில் நிலைக்கவில்லை. அதனால் மருந்துகளை ஒதுக்கிவிட்டு, இயற்கையாக மாதம் ஒன்றாக வளரும் முட்டையையே எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஒற்றை முட்டையை எப்போது எடுப்பது? முட்டை முதிர்ந்ததும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை ஒரே மூச்சில் கொட்டுகிறது. இதை எல்.ஹெச். எழுச்சி என்கிறார்கள். எழுச்சி தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெடித்து வெளியேறிவிடும். அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். ஆனால் மிகவும் முன்னால் எடுத்தால் முட்டை பழுத்திருக்காது. எழுச்சி நடக்க வேண்டும், வெடிப்பு நடக்கக் கூடாது. நடுவில் கிடைப்பது சில மணி நேரம்தான்.

எழுச்சி எப்போது தொடங்குகிறது என்பதைப் பிடிக்க, பெண்களின் சிறுநீரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவு பகல் பாராமல், ஹை-கொனாவிஸ் என்ற ஜப்பானியப் பரிசோதனைப் பொருளால் சோதித்தார்கள். எழுச்சி எந்த நேரத்தில் தெரிந்ததோ, அதிலிருந்து கணக்குப் போட்டு அறுவை நேரம் குறிக்கப்பட்டது. நள்ளிரவு, விடியற்காலை என்று பார்க்க முடியாது. லூயிஸின் தாய் லெஸ்லி பிரவுனின் முட்டை இப்படித்தான் 1977 நவம்பர் 10 அன்று எடுக்கப்பட்டது. ஒரு மணி நேரம் தப்பினால் ஒரு மாதம் போயிற்று.

முட்டைகள் பெருகியபோது

இந்த வழியில் ஒரு மாதத்துக்கு ஒரு முட்டைதான் கிடைக்கும். அது கருவாகி, நன்றாக வளர்ந்து, பதிந்து நிலைக்க வேண்டும். வாய்ப்பு மிகக் குறைவு. எனவே எண்பதுகளில் உலகெங்கும் மறுபடியும் ஹார்மோன் தூண்டலுக்கே திரும்பினார்கள். லூயிஸ் பிறந்த அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இன்னொரு சோதனைக்குழாய் குழந்தையான துர்கா பிறந்தாள். அவளை உருவாக்கிய டாக்டர் சுபாஷ் முகர்ஜி தூண்டல் ஊசிகளைத்தான் பயன்படுத்தியிருந்தார். அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. 1981-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பணிக்கான மதிப்பு பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

தூண்டினால் ஒன்றுக்குப் பதில் எட்டு, பத்து முட்டைகள் வளரும். சிக்கலும் அங்கேயே பிறந்தது. ஒவ்வொரு முட்டையும் ஃபாலிக்கிள் எனப்படும் நீர்க்குமிழுக்குள் வளர்கிறது. வளரும்போது அந்தக் குமிழ் எஸ்ட்ராடயால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரத்தத்தில் எஸ்ட்ராடயால் ஓர் அளவைத் தாண்டி நீடித்தால், முட்டை தயார் என்று மூளை புரிந்துகொள்கிறது. இயற்கையில் அந்தக் கணக்கு சரி. ஒரே குமிழ் அந்த அளவைத் தொட வேண்டுமானால் அது முழுதாக முதிர்ந்திருக்க வேண்டும். பத்துக் குமிழ்கள் சேர்ந்து சுரக்கும்போதோ, ஒன்றுகூட முதிராத நிலையிலேயே அந்த அளவு எட்டிவிடுகிறது. மூளை ஏமாந்து எல்.ஹெச். எழுச்சியைத் தொடங்கிவைக்கிறது. முட்டைகள் வளர்ந்து முடியுமுன்பே வெடிக்கின்றன, அல்லது தரம் கெடுகின்றன.

இப்படித் தூண்டிய சுழற்சிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பாதியிலேயே கைவிடப்பட்டது. வாங்கிய மருந்தின் செலவு போச்சு, போட்டுக்கொண்ட ஊசிகள் போச்சு. காலையில் ஸ்கேனுக்குப் போன பெண்ணிடம் “முட்டை வெடிச்சிருச்சு, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சொல்வதைத் தவிர டாக்டரிடம் வேறு பதில் இல்லை. எல்.ஹெச். எழுச்சியை டாக்டர் சொல்கிற நேரம் வரை நிறுத்திவைக்க ஒரு மருந்து தேவைப்பட்டது.

பன்றி மூளையில் கிடைத்த கட்டளை

எழுச்சியை நிறுத்த வேண்டுமென்றால் அதைக் கிளப்புவது எது என்று தெரிய வேண்டும். அந்தத் தேடல் ஐ.வி.எஃப்.புக்கு வெகு முன்னாலேயே, வேறு காரணத்துக்காக நடந்து முடிந்திருந்தது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், சிறு இரத்தக் குழாய்கள் வழியாக வேதிப்பொருள்களை அனுப்பித்தான் பிட்யூட்டரியை ஆள்கிறது என்று ஆங்கில விஞ்ஞானி ஜெஃப்ரி ஹாரிஸ் வாதாடினார். அந்த வேதிப்பொருளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பிரித்தெடுக்க இறங்கியவர்கள் இருவர்: பிரான்சில் பிறந்த ரோஜர் கில்லமின், போலந்தில் பிறந்த ஆண்ட்ரூ ஷாலி. 1957-இலிருந்து ஹூஸ்டனில் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஒத்துப்போகவில்லை. 1962-இல் ஷாலி நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்தது அறிவியல் வரலாற்றின் கடுமையான போட்டிகளில் ஒன்று.

ஹைப்போதலாமஸில் அந்தப் பொருள் இம்மியளவுதான் இருக்கும். எனவே கில்லமின் ஆட்டு மூளைகளை டன் கணக்கில் சேகரித்தார். ஷாலி பன்றிகளிடம் போனார். ஆஸ்கர் மேயர் என்ற இறைச்சி நிறுவனம் இறைச்சிக்கூடங்களில் வீணாகும் ஹைப்போதலாமஸ் துண்டுகளை லட்சக்கணக்கில் அவருக்கு இலவசமாகக் கொடுத்தது. சுமார் 1,60,000 பன்றிகளின் துண்டுகளைக் கரைத்து, வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் கையில் நின்ற தூய பொருள் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அந்தத் துளியை வைத்துக்கொண்டு ஷாலி குழுவின் ஹிசாயுகி மட்சுவோ 1971-இல் அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார். பத்தே அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சிறு சங்கிலி. இன்று அதை ஜி.என்.ஆர்.ஹெச். என்கிறோம். கில்லமின் குழுவும் ஆட்டு மூளையிலிருந்து அதே பொருளை அடைந்தது. ஆட்டிலும் பன்றியிலும் மனிதரிலும் அது ஒன்றுதான்.

1977-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதியை கில்லமினும் ஷாலியும் பகிர்ந்துகொண்டார்கள். மறு பாதி, இரத்தத்தில் இருக்கும் ஹார்மோனை மிக நுட்பமாக அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கு. அவர் முறை இல்லாமல் எல்.ஹெச். ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் நம்பகமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஓயாமல் தட்டினால் ஓய்ந்துபோகும்

கட்டளை கையில் கிடைத்ததும் எல்லாரும் எதிர்பார்த்தது, அதையே மருந்தாகக் கொடுத்தால் முட்டை வெடிக்கும் என்பது. பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழு ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வு 1978-இல் வேறு ஒன்றைக் காட்டியது. ஜி.என்.ஆர்.ஹெச்.சை மணிக்கு ஒரு தடவை, சில நிமிடம் மட்டும் கொடுத்தால் பிட்யூட்டரி எல்.ஹெச். சுரக்கிறது. விடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் சுரப்பி அடங்கிவிடுகிறது. கட்டளைக்கு இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாத கட்டளையைப் பிட்யூட்டரி கேட்பதே இல்லை.

இதை வைத்துத்தான் முதல் வழி பிறந்தது. ஜி.என்.ஆர்.ஹெச்.சின் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றி, உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் பியூசரலின், லியூப்ரோலைடு, டிரிப்டோரலின் போன்ற மருந்துகளைத் தயாரித்தார்கள். இவை பிட்யூட்டரியை முதலில் தூண்டும், பிறகு ஓய வைக்கும். லண்டனில் ஒரு குழு ஐ.வி.எஃப்.புக்கு பியூசரலினைப் பயன்படுத்தி 1984-இல் அறிக்கை வெளியிட்டது. முன்கூட்டியே முட்டை வெடிக்கும் தொல்லை பெருமளவு தீர்ந்தது. அறுவைக்கு நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டியதில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகள் உலகின் பெரும்பாலான மையங்களில் இதுவே நடைமுறை. லாங் புரோட்டோகால் என்று பெயர்.

ஆனால் சிகிச்சையின் பாரத்தைச் சுமந்தவள் பெண். முட்டை வளர்க்கும் ஊசி தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, முந்தைய மாதத்தின் 21-ஆம் நாள் வாக்கிலேயே இந்த மருந்தைத் தொடங்க வேண்டும். ஆரம்பத் தூண்டலில் சிலருக்கு நீர்க்கட்டி உருவாகும். பிறகு ஹார்மோன் அடியோடு வற்றி, முப்பது வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றவளின் அவதி வரும்: உடம்பெல்லாம் திடீர் வெப்பம், வியர்வை, தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல். அப்படி வற்றிய சினைப்பையை மறுபடி எழுப்ப, முட்டை வளர்க்கும் ஊசியையும் கூடுதலாகப் போட வேண்டும். எழுச்சியைத் தடுக்க வேண்டியது நாலைந்து நாள்தான். அதற்காக மாதம் முழுக்க உடம்பை அடக்கிவைத்தார்கள்.

துண்டு போட்டுப் பிடித்த இடம்

இரண்டாவது வழி ஒன்றும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஜி.என்.ஆர்.ஹெச். பிட்யூட்டரியில் போய் உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அங்கே உட்கார்ந்தால்தான் கட்டளை நிறைவேறும். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அதுபோல வேலை எதுவும் செய்யாத ஒரு பொருளை அந்த இடத்தில் போட்டுவிட்டால் என்ன? கட்டளை வந்து சேரும்; உட்கார இடமிருக்காது. பிட்யூட்டரியைத் தூண்டவும் வேண்டாம், வாரக்கணக்கில் ஓய வைக்கவும் வேண்டாம். சில மணி நேரத்தில் எல்.ஹெச். அடங்கும். மருந்தை நிறுத்தினால் சுரப்பி மறுபடி இயங்கும்.

கட்டமைப்பு தெரிந்த மறு ஆண்டே, 1972-இல், சால்க் ஆய்வகத்தில் கில்லமினோடு வேலை பார்த்த வைலி வேல் குழு இரண்டாவது அமினோ அமிலத்தை மாற்றினால் இப்படி இடத்தை மட்டும் அடைக்கும் பொருள் கிடைக்கிறது என்று காட்டியது. ஆனால் அது மிகப் பலவீனமான மருந்து. அதைப் பலப்படுத்தும் முயற்சிக்கு அமெரிக்க அரசின் கருத்தடை ஆராய்ச்சிப் பிரிவு பல ஆண்டுகள் பணம் கொடுத்தது. காரணம் எளிது: எல்.ஹெச். எழுச்சியைத் தடுத்தால் முட்டை வெடிக்காது, முட்டை வெடிக்காவிட்டால் கர்ப்பம் தரிக்காது. மக்கள்தொகையைப் பற்றி உலகமே கவலைப்பட்ட காலம் அது. இன்று குழந்தைக்காக ஏங்கும் பெண்கள் போட்டுக்கொள்ளும் மருந்து, குழந்தை வேண்டாதவர்களுக்காகத்தான் முதலில் தேடப்பட்டது.

எலிகளின் முகம் வீங்கியது

மருந்தைப் பலப்படுத்தச் சங்கிலியின் முதல் மூன்று இடங்களையும் ஆறாவது இடத்தையும் பத்தாவது இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். புதிய அமினோ அமிலங்களில் பல இயற்கையானவற்றின் இடவலம் மாறிய வடிவங்கள். உடம்பின் நொதிகளால் அவற்றை எளிதில் வெட்ட முடியாது. ஆறாவது இடத்தில் ஆர்ஜினினின் அத்தகைய வடிவத்தை வைத்தபோது மருந்து பல மடங்கு வலுவானது. வெற்றி என்று நினைத்த வேளையில், எண்பதுகளின் முற்பகுதியில், எலிகளின் முகமும் பாதங்களும் வீங்கின.

ஒவ்வாமையின்போது உடம்பில் ஹிஸ்டமின் கொட்டும். தோல் தடிக்கும், அரிக்கும், மூச்சுத் திணறும். புதிய மருந்து எல்.ஹெச்.சை அடக்கியதோடு, தோலிலுள்ள மாஸ்ட் செல்களை உடைத்து ஹிஸ்டமினையும் கொட்டவைத்தது. ஆர்ஜினினின் காரத்தன்மையும் சங்கிலியின் முன்பகுதியிலிருந்த கொழுப்பை நாடும் அமினோ அமிலங்களும் சேர்ந்ததுதான் வினை. புற்றுநோயாளிக்கே இதைக் கொடுக்கத் தயங்குவார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுக்க வழியே இல்லை. பலம் வேண்டுமென்றால் வீக்கம் வருகிறது. வீக்கத்தைக் குறைத்தால் பலம் போய்விடுகிறது. கிட்டத்தட்ட ஒரு தசாப்தம் இந்த முடிச்சிலேயே கழிந்தது.

அதை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஷாலியின் ஆய்வகத்துக்கு வந்திருந்த ஹங்கேரிய வேதியியலாளர் சாண்டோர் பாயுஸ். ஆறாவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக, அதே நீளமும் ஏறக்குறைய அதே உருவமும் உள்ள, ஆனால் காரத்தன்மை இல்லாத சிட்ருல்லினை வைத்தார். தர்பூசணியில் நிறைய இருக்கும் அமினோ அமிலம் அது. ஏற்பியில் அந்த இடத்துக்கு உருவம் பொருந்தினால் போதும், காரம் தேவையில்லை என்பது தெரிந்தது. எலிகளின் முகம் வீங்கவில்லை. மருந்தின் பலமும் குறையவில்லை. 1988-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அதன் குறியீடு எஸ்.பி.-75. பாயுஸின் பெயரெழுத்துகள் அதில் இருக்கின்றன. அதுவே பின்னாளில் செட்ரோரெலிக்ஸ். ஜெர்மனியின் ஆஸ்டா மெடிக்கா நிறுவனம் அதை மருந்தாக வளர்த்தெடுத்தது. கலிஃபோர்னியாவின் சின்டெக்ஸ் நிறுவனத்தில் ஜான் நெஸ்டர் குழு வேறு வழியில் அதே முடிச்சை அவிழ்த்தது. அங்கே பிறந்த கனிரெலிக்ஸை நெதர்லாந்தின் ஆர்கனான் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஊசி போட்ட இடத்தில் இன்றைக்கும் வரும் லேசான சிவப்பும் அரிப்பும் முழுதாக நீங்காத பழைய குணத்தின் மிச்சம். அது சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இறுகினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எவ்வளவு குறைத்தால் போதும்?

எழுச்சியை இந்த வகை மருந்தால் தடுக்கலாம் என்பதைப் பாரிஸுக்கு அருகிலுள்ள கிளாமார்ட்டில் ரெனே ஃபிரிட்மன் குழு ஒரு முந்தைய தலைமுறை மருந்தைக் கொண்டு 1991-இலேயே காட்டியிருந்தது. செட்ரோரெலிக்ஸைப் பயன்படுத்தி ஜெர்மனியில் கிளாவுஸ் டீட்ரிஷ் குழு செய்த ஆய்வு 1994-இல் வெளியானது. முட்டை வளர்க்கும் ஊசியை வழக்கம்போலத் தொடங்கி, ஏழாம் நாளிலிருந்து தினம் 3 மி.கி. செட்ரோரெலிக்ஸ் கொடுத்தார்கள். எழுச்சி வரவில்லை.

அடுத்த வேலை, அளவைக் குறைத்துக்கொண்டே வருவது. 1 மி.கி., 0.5, 0.25, 0.1 என்று இறங்கினார்கள். 0.1-இல் எல்.ஹெச். எழுச்சி தலைகாட்டியது. 0.25-இல் அடங்கியிருந்தது. கனிரெலிக்ஸுக்கும் 333 பெண்களிடம் ஆறு வெவ்வேறு அளவுகளைச் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த அளவுகளில் எழுச்சி நழுவியது. மிக அதிக அளவுகளில் எழுச்சி வரவில்லை. ஆனால் கரு கருப்பையில் பதிவது வெகுவாகக் குறைந்தது. உடம்பு தனக்காகச் சுரக்கும் கொஞ்ச எல்.ஹெச்.சையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் காரியம் கெடும். இரண்டு வெவ்வேறு மருந்துகளும் கடைசியில் வந்து நின்ற அளவு ஒன்றே: தினம் 0.25 மி.கி. செட்ரோரெலிக்ஸ் 1999-இல் ஐரோப்பாவிலும் 2000-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கனிரெலிக்ஸ் அமெரிக்காவில் 1999-இலேயே வந்துவிட்டது.

பெண்ணின் பக்கத்தில் இது கொண்டுவந்த மாற்றம் பெரிது. முந்தைய மாதத்திலேயே தொடங்க வேண்டியதில்லை. ஆறாம் நாள் வாக்கிலோ, பெரிய ஃபாலிக்கிள் 14 மி.மீ. தொடும்போதோ ஆரம்பித்து, முட்டை முதிரும் நாளோடு முடித்துக்கொள்ளலாம். நாலைந்து ஊசி. வெப்பமும் வியர்வையும் இல்லை. முட்டை வளர்க்கும் மருந்தும் குறைவாகவே செலவாகும்.

மருத்துவர்கள் தயங்கிய காலம்

இவ்வளவு நன்மை இருந்தும் மையங்கள் உடனே மாறவில்லை. எகிப்தின் ஹெஷாம் அல்-இனானி குழு முதல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழைய முறையைவிடப் புதிய முறையில் கர்ப்பம் தரிப்பது ஏறத்தாழ 5 சதவிகிதம் குறைந்து தெரிந்தது. குழந்தைக்காகவே வரும் தம்பதியிடம், சுகமாக இருக்கும், ஆனால் வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்று எந்த டாக்டர் சொல்வார்? பல இடங்களில் இந்த ஊசியை வயது கூடியவர்களுக்கும் முந்தைய முயற்சிகளில் தோற்றவர்களுக்கும் மட்டும் ஒதுக்கினார்கள். கடினமான நோயாளிகளுக்கே கொடுத்ததால் முடிவுகளும் மோசமாகத் தெரிந்தன. அந்த முடிவுகளைப் பார்த்துத் தயக்கம் இன்னும் கூடியது.

அனுபவம் கூடக்கூடப் படம் மாறியது. 2016-இல் அதே அல்-இனானி குழு காக்ரேன் தொகுப்புக்காக 73 ஆய்வுகளை, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. குழந்தை பிறக்கும் வாய்ப்பில் இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் இருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை. வித்தியாசம் வேறொரு இடத்தில் தெளிவாக இருந்தது.

அந்த இடத்துக்குப் பெயர் ஓ.ஹெச்.எஸ்.எஸ். தூண்டலுக்குச் சினைப்பை அளவுக்கு மீறி ஈடுகொடுத்தால், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். வயிறு உப்பும், மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும், இரத்தம் கட்டும். மிகச் சிலருக்கு உயிரே போயிருக்கிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள், நம் வழக்கில் “நீர்க்கட்டி” இருப்பவர்கள், இதில் அதிகம் சிக்குவார்கள். பழைய முறையில் நூறு பேரில் 11 பேருக்கு இது வருமென்றால், புதிய முறையில் 6 முதல் 9 பேருக்குத்தான் வரும் என்று அந்தத் தொகுப்பு கணக்கிட்டது.

இன்னொரு பெரிய பலன் இடத்தை மட்டும் அடைக்கும் குணத்திலேயே ஒளிந்திருந்தது. முட்டைகள் முதிர்ந்ததும் கடைசியாக ஒரு ட்ரிகர் ஊசி போடுவார்கள். 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுப்பார்கள். வழக்கமான ட்ரிகர் ஹெச்.சி.ஜி. அது நாள்கணக்கில் உடம்பில் தங்கிச் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருப்பதால்தான் ஓ.ஹெச்.எஸ்.எஸ். கிளம்புகிறது. பழைய முறையில் வேறு வழியில்லை, பிட்யூட்டரிதான் ஓய்ந்துகிடக்கிறதே. புதிய முறையில் பிட்யூட்டரி விழித்தே இருக்கிறது, அதன் ஏற்பிகள் மட்டும் அடைபட்டிருக்கின்றன. அந்த நேரத்தில் டிரிப்டோரலினை ஒரு முறை கொடுத்தால், அது அடைத்திருப்பதைத் தள்ளிவிட்டு உட்காரும். பெண்ணின் சொந்த எல்.ஹெச். எழுந்து, முட்டைகளை முதிரவைத்து, சீக்கிரமே வடிந்துவிடும். இஸ்ரேலின் ஹைஃபாவில் ஜோசப் இட்ஸ்கோவிட்ஸ்-எல்டோர் குழு, ஆபத்து மிகுந்த பெண்களிடம் கனிரெலிக்ஸோடு சேர்த்து இதை 2000-இல் செய்து காட்டியது. இந்த ட்ரிகரைப் போட்டு, உருவான கருக்களை உடனே வைக்காமல் உறையவைத்து, பின்னொரு மாதத்தில் வைத்தால் கடுமையான ஓ.ஹெச்.எஸ்.எஸ். மிக அரிதாகிவிடுகிறது. முட்டை தானம் செய்யும் பெண்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் அவசரமாக முட்டைகளைச் சேமிக்க வேண்டியவர்களுக்கும் இந்த வழி பெரும் பாதுகாப்பு.

பழைய முறைக்கு இன்றும் இடம் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற சில நிலைகளில் டாக்டர்கள் அதைத் தேர்கிறார்கள். ஊசியே வேண்டாம் என்ற அடுத்த முயற்சியும் நடக்கிறது. 2015-இல் ஷாங்காயின் யான்பிங் குவாங் குழு, மலிவான புரோஜெஸ்டின் மாத்திரையாலேயே எல்.ஹெச். எழுச்சியைத் தடுக்கலாம் என்று காட்டியது. அந்த மாத்திரை கருப்பையின் உட்சுவரை மாற்றிவிடுவதால் கருக்களை உறையவைத்தே ஆக வேண்டும். ஆனாலும் கால் மில்லிகிராம் ஊசிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு அது நல்ல செய்தி.

எதை வைத்து அளப்பது?

கருத்தரிப்புச் சிகிச்சையை நம் சமூகம் ஒரே ஒரு கேள்வியால் அளக்கிறது: குழந்தை பிறந்ததா, இல்லையா? விளம்பரப் பலகைகளிலும் உறவினர் வாயிலும் இருப்பது அந்தக் கேள்விதான். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் செட்ரோரெலிக்ஸும் கனிரெலிக்ஸும் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. முன்பு பிறந்த அளவுக்குத்தான் இப்போதும் குழந்தைகள் பிறக்கின்றன. ஆனால் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு மூன்று வார அவதி மிச்சம், பல ஊசிகள் மிச்சம். வயிற்றில் நீர் கோத்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஆபத்தும் குறைந்திருக்கிறது. குழந்தை கிடைக்காமலே வீடு திரும்பும் பெண்களும் பலர். அவர்களுக்கும் இந்த ஊசி ஒரு நன்மை செய்திருக்கிறது. இதையும் வெற்றி என்று எண்ணிப் பழகினால்தான் மருத்துவம் பெண்ணுக்கு நியாயம் செய்யும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷாலியும் கில்லமினும் 2024-இல், எட்டு மாத இடைவெளியில் மறைந்தார்கள். ஒருவரையொருவர் முந்த வேண்டும் என்று அவர்கள் உடைத்த மூளைகளிலிருந்து வந்த அறிவு, எத்தனையோ பெண்களுக்கு ஆறாம் நாள் ஊசியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளும் பெண்ணும் அவள் கணவரும் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எனக்கு எந்த முறை, ஏன்? எனக்கு ஓ.ஹெச்.எஸ்.எஸ். ஆபத்து எவ்வளவு? ட்ரிகருக்கு எந்த ஊசி? கருவை இந்த மாதமே வைப்பீர்களா, உறையவைப்பீர்களா? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் சிகிச்சை எடுங்கள். பாதுகாப்பான வழி இருக்கிறது என்பது தெரிந்தபின் அதைக் கேட்டு வாங்குவது பெண்ணின் உரிமை.